மலை நாட்டு மணியார்டர்

மாதம் பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நம் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சலாம் கேட்கும். இரவெல்லாம் விசிலை ஊதிக்கொண்டும் தடியைத் தரையில் தட்டிக்கொண்டும் உலாவுகிற கூர்க்கா, பகல் வெளிச்சத்தில் நமக்குத் தரிசனம் தரும் நாள் அது ஒன்றுதான். அவரைக் கண்டதும் நம்மில் சிலர், "சில்லறை இல்லை, அடுத்த வாரம் வா" என்று சொல்லிவிடுவதுண்டு. நாமும் சொல்லியிருக்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற மாதம் அவர் வந்தபோது நாம் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். பையன்களின் விடைகள் அளித்த களைப்பிலிருந்து தப்புவதற்காகவே, "ஊரில் எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தோம்.

"சௌக்கியம் ஸார். வீட்டுக்குத் தகரக் கூரை போட்டாச்சு. பெரிய பையன் கத்தார் போயிட்டான். சின்னவனும் போகணும்னு சொல்றான்."

"அப்படியானால் ஊரிலே நிலத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

அவர் சிரித்தார். "குரங்கு பார்க்குது ஸார்" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னதுபோல் இருந்தாலும், அவர் சொன்னது அத்தனையும் வேடிக்கையல்ல. அவருடைய ஊர் நேபாளத்தின் மேற்குக் கோடியில் உள்ள அச்சாம் ஜில்லாவில் இருக்கிறது. அந்த மலைச் சரிவுகளில் படிக்கட்டுகளைப் போல வெட்டி அமைத்த வயல்கள் பல இன்று உழுவாரின்றித் தரிசாகக் கிடக்கின்றன. மனிதன் விட்டுப் போன இடத்தில் காடு மண்டுகிறது. காட்டோடு குரங்கும் வருகிறது. எஞ்சியிருக்கும் கிழவியின் சோளக் கொல்லையையும் அது விட்டுவைப்பதில்லை.

மறுநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னோம். பின் வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, "ஸார், வெளிநாட்டிலிருந்து இவ்வளவு பணம் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தேசம் பணக்காரத் தேசமாக ஆகியிருக்க வேண்டாமா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டபடியால் நாம் தப்பினோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. இந்த வாரம் நேயர்களையும் அதிலே கூட்டாளிகளாக்கிக்கொள்கிறோம்.

* * *

நேபாளத்து மலைவாசிகள் வெளியே போய்ப் பொருள் தேடுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூருக்குப் போய் ரஞ்சித் சிங் மகாராஜாவின் சேனையில் சேர்ந்தவர்களை ஊரார் 'லாகூரே' என்று அழைத்தார்கள். மகாராஜா போனார், அவர் ராஜ்யமும் போயிற்று, அந்தச் சொல் மட்டும் போகவில்லை. இன்று தோஹாவுக்கோ கோலாலம்பூருக்கோ விமானம் ஏறுகிறவனும் ஊராருக்கு 'லாகூரே'தான்.

1815-இல் ஆங்கிலக் கும்பினியார் கூர்க்காப் பட்டாளங்களைத் திரட்டத் தொடங்கினார்கள். 1947-இல் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்குமாகப் பிரிந்தன. 1950-ஆம் வருஷத்து உடன்படிக்கை இரு தேசத்து ஜனங்களும் ஒருவர் நாட்டில் மற்றவர் தங்கித் தொழில் செய்ய வழி திறந்தது. நம் தெருக் கூர்க்கா எந்த விஸாவும் இல்லாமல் இங்கே வந்து விசில் ஊதுவது அதனால்தான். அவர் பட்டாளத்தைக் கண்ணால் கண்டவரல்லர். கூர்க்கா என்பது நாம் வைத்த பெயர்.

சிப்பாயின் சம்பளமும் பென்ஷனும் மணியார்டராக மலை ஏறிய அந்தக் காலத்திலிருந்தே நேபாளத்துக்கு 'மணியார்டர் பொருளாதாரம்' என்ற பெயர் ஏற்பட்டுவிட்டது. 1985-இல் அயல்நாட்டு வேலைக்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஊரில் துப்பாக்கிக்குப் பயந்த வாலிபர்களுக்கு வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடைக்கலமாயின. 2021-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, சுமார் 2 கோடியே 92 லட்சம் ஜனங்கள் உள்ள அத்தேசத்தில், வீட்டை விட்டு அயல்நாடு சென்றிருந்தோர் ஏறக்குறைய 22 லட்சம் பேர்.

அவர்கள் அனுப்பும் பணம் எவ்வளவு? 2023-24-ஆம் நிதி வருஷத்தில் மட்டும் நேபாள நாணயத்தில் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய். தேசத்தின் மொத்த உற்பத்தியில் இது நான்கில் ஒரு பங்குக்குச் சமம். நமது இந்தியாவுக்கும் அயல்நாட்டிலிருந்து பணம் வருகிறது. தொகையைப் பார்த்தால் உலகத்திலேயே நாம்தான் முதலிடம். ஆனால் நம் தேசத்தின் பெரிய வருமானத்தில் அது நூற்றுக்கு மூன்று அளவில் நின்றுவிடுகிறது. நமக்கு ஊறுகாய், அவர்களுக்கோ சோற்றில் கால் பங்கு.

* * *

இந்தப் பணத்தினால் விளைந்த நன்மையை முதலில் சொல்லுவதுதான் நியாயம்.

1995-96-இல் நேபாளத்தில் நூற்றுக்கு 42 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2010-11-இல் அது 25 ஆகக் குறைந்தது. இந்த இடைக்காலத்தில் ஒரு பெரிய போர் நடந்திருக்கிறது. அரசர் பதவி ஒழிந்திருக்கிறது. மந்திரிசபைகள் வந்து வந்து போயிருக்கின்றன. சாதாரணமாக இவற்றின் நடுவே வறுமை வளர்வதுதான் உலக வழக்கம். இங்கே குறைந்திருக்கிறது! அதே பதினைந்து வருஷங்களில், வெளியிலிருந்து பணம் பெறும் குடும்பங்கள் நூற்றுக்கு 23 என்றிருந்தது 56 ஆயிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல ஒரு நிபுணர் தேவையில்லை. ஆனாலும் நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: 1995-க்கும் 2004-க்கும் இடையில் குறைந்த வறுமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வேலைக்காக வெளியேறியவர்களால் குறைந்தது என்று.

2015 ஏப்ரல் 25-ஆம் தேதி பூகம்பம் வந்து ஏறக்குறைய ஒன்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. லட்சக்கணக்கான வீடுகள் இடிந்தன. சர்க்காரின் புனருத்தாரணப் பணம் காகிதங்களில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, பாலைவனத்தில் கல் சுமந்த பிள்ளைகளின் பணம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆபத்துக் காலத்தில் அன்னிய மூலதனம் ஓடிப்போகும். மகன் அனுப்பும் பணமோ ஆபத்துக் காலத்தில்தான் ஓடி வரும். உலகத்தில் வேறு எந்தப் பணத்துக்கும் இந்தக் குணம் கிடையாது.

ஆகவே, பசி தீர்ந்தது, கூரை மாறிற்று, பெண் குழந்தை பள்ளிக்கூடம் போனாள், வைத்தியருக்குக் கொடுக்கக் காசு இருந்தது. இவையெல்லாம் சாமான்ய காரியங்களா? அல்லவே அல்ல.

* * *

ஆனால் வகுப்பில் அந்தப் பெண் கேட்டது வேறு கேள்வி. குடும்பம் பிழைத்தது சரி, தேசம் வளர்ந்ததா?

நேபாளத்தின் பொருளாதாரம் பல வருஷங்களாகச் சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் நகர்ந்திருக்கிறது. அக்கம்பக்கத்துத் தேசங்கள் ஓடும்போது அது நடக்கிறது. உற்பத்தித் தொழில்கள் 1990-களின் இறுதியில் தேச வருமானத்தில் நூற்றுக்கு ஒன்பது அளவில் இருந்தன. இப்பொழுது ஐந்து ஆறு என்று இளைத்துவிட்டன. பணம் பெருகியிருக்கிறது, தொழிற்சாலை மெலிந்திருக்கிறது. இந்த விபரீதம் எப்படி நேர்ந்தது?

கணக்கைப் பார்ப்போம். 2010-11-இல் நேபாள சர்க்கார் எடுத்த குடும்ப விசாரணையில், வெளியிலிருந்து வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று கேட்டார்கள். நூறு ரூபாயில் 79 ரூபாய் அன்றாடச் செலவுக்கு, 7 கடன் அடைக்க, 4 வீட்டுச் சொத்துக்கு, 4 படிப்புக்கு. தொழிலில் போட்ட முதல் வெறும் 2 ரூபாய்!

இதைப் படித்தவுடனே, "பார்த்தீர்களா, அனுப்புகிறதையெல்லாம் தின்றே தீர்க்கிறார்கள்" என்று குற்றம் சாட்டத் தோன்றும். நேயர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அரைவயிறு சாப்பிட்டவன் முழுவயிறு சாப்பிட்டால் அது ஊதாரித்தனம் ஆகுமா? மேலும், செலவு செய்வதில் தேசத்துக்கு நஷ்டமில்லை. நம் ஊர்ச் செட்டியார் கடையில் செலவழித்த ரூபாய் நெசவாளிக்குப் போய், அவரிடமிருந்து தச்சருக்குப் போய், பத்துக் கை மாறினால் பத்துக் குடும்பம் பிழைக்கிறது. செலவு தப்பல்ல, அந்த ரூபாய் எத்தனை கை மாறுகிறது என்பதே கேள்வி.

நேபாளத்தில் அது அதிகக் கை மாறுவதில்லை. கடைக்காரர் விற்கும் அரிசி, துணி, மருந்து, சிமெண்டு, மோட்டார் சைக்கிள் முதலியவற்றில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அரிசியை ஏற்றுமதி செய்த தேசம் அது! 2023-24-இல் நேபாளம் வெளியே விற்ற சரக்கு சுமார் 15 ஆயிரம் கோடி நேபாள ரூபாய்; வாங்கிய சரக்கு சுமார் 1 லட்சத்து 59 ஆயிரம் கோடி. ஒன்றுக்குப் பத்து. மகன் அனுப்பிய பணம் காலையில் வந்து மாலையில் வெளியே போய்விடுகிறது. பக்கத்து ஊரில் பெய்த மழை நம் ஏரிக்கு வந்தாலும், கரையில் ஓட்டை இருந்தால் நம் வயலுக்கு என்ன லாபம்?

உள்ளூரிலேயே ஏன் அச்சரக்குகளைச் செய்யக் கூடாது? செய்யலாம், கை வேண்டுமே! உழைக்கும் வயதுள்ளவன் தோஹாவில் இருக்கிறான். எஞ்சியிருப்பவனுக்கு வெளிநாட்டுச் சம்பளத்தோடு போட்டியிடும் கூலி கொடுத்தாக வேண்டும். கையில் காசு உள்ளவர்கள் வயலை விட்டு நகரத்தை ஒட்டிய மனையை வாங்குவதால் நிலத்தின் விலை ஏறுகிறது. அதிகக் கூலியும் அதிக விலை நிலமும் கொடுத்து ஒருவன் தொழிற்சாலை நடத்தினால், எல்லை தாண்டி வரும் மலிவுச் சரக்கின் முன் அவன் நிற்க முடியாது. தொழில் நடத்துவதைவிட இறக்குமதி வியாபாரமே மேல் என்று அவனும் முடிவு செய்கிறான். வேலை குறைகிறது, அடுத்த பையனும் விமானம் ஏறுகிறான். 2022-23-இல் புதியவையும் புதுப்பித்தவையுமாக ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட வேலை அநுமதிகள் வழங்கப்பட்டன என்றால், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பாருங்கள்.

இந்தச் சக்கரத்தை நிறுத்த வேண்டியவர்கள் ஆளுகிறவர்கள். அவர்களுக்கோ இதனால் சௌகரியமே தவிர அசௌகரியம் இல்லை. இறக்குமதி பெருகினால் சுங்கச்சாவடியில் வரி பெருகுகிறது. சர்க்கார் வருமானத்தில் கணிசமான பகுதி அங்கேதான் கிடைக்கிறது. அன்னியச் செலாவணிக் கஜானா நிரம்பியிருக்கிறது. வேலை கேட்டுக் கூச்சலிட வேண்டிய வாலிபன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறான். இதைவிட நிம்மதியான சிங்காசனம் உண்டா?

நிம்மதி என்றென்றும் நீடிக்கவில்லை. 2025 செப்டம்பரில் காட்மாண்டு வீதிகளில் இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சமூக வலைத்தளங்களுக்குச் சர்க்கார் விதித்த தடை உடனடிக் காரணம். வெளிநாட்டுப் பிள்ளையோடு தாய் பேசும் வழியே அதனால் அடைபட்டது. லஞ்சமும் வேலையின்மையும் ஆழ்ந்த காரணங்கள். எழுபதுக்கு மேற்பட்டவர் உயிரிழந்தனர்; பிரதம மந்திரி ராஜிநாமாச் செய்தார்.

* * *

நிபுணர்களுக்குள்ளும் இந்த விஷயத்தில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. 2005-இல் நூற்றுப் பதின்மூன்று தேசங்களின் கணக்குகளை ஆராய்ந்த மூவர், இப்பணம் மூலதனத்தைப் போல வேலை செய்வதில்லை. வீட்டில் இருப்பவரின் முயற்சியைத் தளரச் செய்து வளர்ச்சியைக் குறைக்கவும் கூடும் என்றார்கள். 2009-இல் சுமார் நூறு தேசங்களை ஆராய்ந்த வேறு இருவர், கடன் கொடுக்க பாங்கி இல்லாத ஏழைத் தேசங்களில் இப்பணமே பாங்கியாக நின்று வளர்ச்சிக்கு உதவுகிறது என்றார்கள்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறோம். 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தபோது பிலிப்பைன்ஸ் தேசத்தில் நடந்தது ஒரு சோதனைச்சாலைப் பரீட்சை போலிருந்தது. உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்ததால், வெளிநாட்டில் வேலை செய்தவர் அனுப்பிய பணம் ஊரில் திடீரென்று அதிகமாயிற்று. அதுவும் எந்தத் தேசத்தில் வேலை என்பதைப் பொறுத்து ஒரு வீட்டுக்கு அதிகம், ஒரு வீட்டுக்குக் குறைவு. அதிகம் பெற்ற வீடுகளில் என்ன நடந்தது? சும்மா உட்கார்ந்து சாப்பிட்டார்களா? இல்லை. குழந்தைகளின் படிப்பு கூடிற்று. குழந்தைத் தொழில் குறைந்தது. முதல் போட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் அதிகமானார்கள். இந்த ஆராய்ச்சி 2008-இல் பிரசுரமாயிற்று. கையில் காசு கிடைத்தால் மனிதன் சோம்பேறியாவான் என்பது, காசுள்ளவர்கள் ஏழைகளைப் பற்றிச் சொல்லும் பழைய கதை. முயற்சிக்கு வழி இருந்தால் அவன் முயலுகிறான். வழி இல்லாவிட்டால் தகரக் கூரை போட்டுக்கொள்கிறான்.

வழி என்றால் என்ன? நேபாளத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பனி மலைகளிலிருந்து பாயும் ஆறுகள் நிறைந்த அத்தேசத்தில், சில வருஷங்களில் கோடைக்கு முன் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் கிடையாது. அப்போது ஒருவன் மகன் பணத்தில் மாவு மில் வைத்தால் அது எப்படி ஓடும்? வந்த பணம் ஜெனரேட்டருக்கும் டீசலுக்கும் போயிற்று. 2016-க்குப் பிறகு மின்சார நிர்வாகத்தைச் செம்மைப்படுத்தியதும், வீடுகளுக்கும் பின்னர் ஆலைகளுக்கும் இருந்த மின்வெட்டு நீங்கிற்று. 2021-இல் 456 மெகாவாட் சக்தியுள்ள மேல் தாமாகோசி மின் நிலையம் முழுவதும் உள்நாட்டுப் பணத்தைக் கொண்டே கட்டி முடிக்கப்பட்டது. இன்று மழைக் காலத்தில் இந்தியாவுக்கே மின்சாரம் விற்கிறார்கள். தேசத்துக்குள் பணம் இல்லாமல் இல்லை. அதை வாங்கி உருப்படியான காரியத்தில் போட நம்பிக்கைக்குரிய கை வேண்டியிருந்தது.

இன்னொரு உதாரணம் எதிர்ப்பக்கத்தது. 2010-இல் வெளிநாட்டு வேலைக்காரர்களிடம் சேமிப்புப் பத்திரம் விற்க முயன்றார்கள். விற்க நினைத்ததில் நூற்றில் ஒரு பங்குகூட விற்கவில்லை. தேசாபிமானம் குறைவு என்று வருந்தியவர்கள் உண்டு. உண்மை அதுவல்ல. வெளிநாடு போகிறவன் ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊர் சாவுகாரரிடம் கடன் வாங்குகிறான். வட்டி நூற்றுக்கு மாதம் மூன்று, வருஷத்துக்கு முப்பத்தாறு! சர்க்கார் பத்திரத்தின் வட்டி அதற்குப் பக்கத்தில்கூட வராது. முப்பத்தாறு வட்டிக் கடன் தலைமேல் இருக்க எவன் பத்திரம் வாங்குவான்? முதல் ஒரு வருஷத்துச் சம்பாத்தியமாவது சாவுகாரருக்கும் ஏஜெண்டுக்குமே போய்விடுகிறது. சர்க்கார் செய்யவேண்டிய முதல் காரியம் பத்திரம் அச்சடிப்பதல்ல. நியாய வட்டிக்குக் கடனும், ஏஜெண்டின் கொள்ளையிலிருந்து காப்பும் அளிப்பது. விஸாவும் டிக்கட்டும் எஜமானர் செலவு என்று 2015-இல் விதி செய்தார்கள். விதி காகிதத்தில் இருக்கிறது. வசூல் நடந்துகொண்டே இருக்கிறது.

* * *

எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் சேராத ஒரு செலவு உண்டு. 2008 முதல் சுமார் பத்து வருஷங்களில் அயல்நாட்டில் இறந்துபோன நேபாளத் தொழிலாளர்கள் என்று அதிகாரப்பூர்வமாகப் பதிவானவர்களே ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். சாலை விபத்து, வேலைத்தல விபத்து, தற்கொலை எனப் பல காரணங்கள். இரவு திடகாத்திரமாகப் படுத்து, காலையில் எழுந்திராத வாலிபர்களும் பலர். காட்மாண்டு விமான நிலையத்தில் ஒரு வாசல் வழியாக மாலை அணிந்த வாலிபர்கள் புறப்படுகிறார்கள். இன்னொரு வாசல் வழியாகச் சவப்பெட்டி வருகிறது. தேசத்தின் செலாவணிக் கணக்கில் முன்னது வரவு. பின்னதற்குப் பத்தி கிடையாது.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இது: வெளியிலிருந்து வரும் பணம் ஒரு குடும்பத்தின் சம்பளம், தேசத்தின் முதல் அல்ல. சம்பளத்தைக் கொண்டு குடும்பம் பசி தீரலாம். குழந்தையைப் படிக்க வைக்கலாம். அந்தக் குழந்தை படித்து முடித்ததும் உள்ளூரில் செய்ய ஒரு வேலை இருந்தால் அதுதான் வளர்ச்சி. அதற்கு மின்சாரமும் பாதையும் நியாயமான கடனும் நேர்மையான அதிகாரியும் வேண்டும். இவற்றை மணியார்டரில் அனுப்ப முடியாது. அனுப்புகிறவன் தன் கடமையைச் செய்துவிட்டான். பெற்றுக்கொண்ட மனைவியும் தன் கடமையைச் செய்கிறாள். பாக்கி நிற்பது ஆளுகிறவர்களின் கடமை.

இந்த மாதம் கூர்க்கா வந்தபோது சில்லறையைத் தயாராக வைத்திருந்தோம். "சின்னப் பையன் புறப்பட்டுவிட்டானா?" என்று கேட்டோம்.

"இல்லை ஸார். பத்தாவது முடிக்கட்டும்னு சொல்லிட்டேன். எலக்ட்ரிக் வேலை கத்துக்கிறேங்கிறான். ஊர்லேயே கரண்ட் இருக்கே இப்போ!"

அந்த ஒரு வாக்கியத்தில் நம் கட்டுரை முழுவதும் அடங்கிவிட்டது. பையன் ஊரில் தங்குவானோ, அவனும் லாகூரே ஆவானோ, சொல்ல முடியாது. ஆனால் தங்கலாமா என்று ஒரு தகப்பன் யோசிப்பதற்கே இடம் ஏற்பட்டிருக்கிறதல்லவா? சலாம் போட்டுவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே, "அடுத்த வாரம் வா" என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது.